மால்கம் எக்ஸ் புத்தகத்திலிருந்து ஹிப்-ஹாப்புக்கு வருகிறவர்களுக்கு

அமெரிக்கக் கறுப்பர் உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் சுயசரிதையில் தொடங்கி, கறுப்பர் போராட்டக் கட்சியான பிளாக் பாந்தர்கள், தெற்கு மாநிலங்களின் நிறப்பிரிவினைச் சட்டங்கள், அடிமைகளின் வாக்குமூலங்கள் என்று இரண்டு வருடம் படித்துக்கொண்டே போனேன். என் கைக்கு வந்த புத்தகங்கள் எல்லாம் 1970களின் தொடக்கத்தில் வந்து நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அமெரிக்கக் கறுப்பர்கள் என்ன பேசினார்கள் என்று ஒரு நண்பரைக் கேட்டேன். "ராப் கேளுங்க, அதுலதான் இருக்கு" என்றார். கேட்டேன். ஒரு வரி பிடிபடவில்லை. பிடிபட்ட வரி கெட்ட வார்த்தையாக இருந்தது. விட்டேன், மறுபடி எடுத்தேன், மறுபடி விட்டேன். இப்படியே எட்டு மாதம் போனது.

அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தாளத்தோடு வேகமாகப் பேசிப் பாடும் ராப், அது சேர்ந்த ஹிப்-ஹாப் இசை எப்படி வளர்ந்தது என்ற கதையை முழுதாகச் சொல்லப்போவதில்லை. எதிலிருந்து தொடங்குவது, பக்கத்தில் எதை வைத்துக்கொண்டு கேட்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எங்கெங்கே சறுக்கும் என்பது மட்டும்.

1. தரவரிசைப் பட்டியலை மூடிவையுங்கள்

"சிறந்த நூறு ஆல்பங்கள்" என்று தேடிப்போய் முதல் எண்ணிலிருந்து இறங்கியது என் முதல் தவறு. அந்தப் பட்டியல்கள் ஏற்கெனவே ஊறிப்போனவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வதற்கானவை. புதிதாக வருகிறவருக்கு அதில் பிடிமானம் கிடையாது. உங்களிடம் வேறொரு பிடிமானம் இருக்கிறது: நீங்கள் படித்த வரலாறு. அதில் மனதில் தங்கிய ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மால்கம் எக்ஸ் என்றால் பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பமான 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்'. அதே வருடம் வந்த பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் ஆல்பத்தின் அட்டையையும் பாருங்கள். துப்பாக்கியோடு ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்க்கும் மால்கமின் படம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அந்தக் குழுவின் பாடகர் கேஆர்எஸ்-ஒன் அதே மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மார்கஸ் கார்வி என்றால், 1919இல் அவர் தொடங்கிய பிளாக் ஸ்டார் கப்பல் நிறுவனம் நினைவுக்கு வரும். மோஸ் டெஃப், தாலிப் குவேலி இருவரும் 1998இல் சேர்ந்து ஆல்பம் போட்டபோது வைத்துக்கொண்ட பெயர் பிளாக் ஸ்டார். கறுப்பர் வரலாற்று வாரத்தை 1926இல் தொடங்கிவைத்த கார்ட்டர் வுட்சனைப் படித்திருந்தால், லாரின் ஹில்லின் 1998 ஆல்பமான 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' பெயரைப் பார்த்ததுமே வுட்சனின் 1933 புத்தகத் தலைப்பான 'த மிஸ்-எஜுகேஷன் ஆஃப் த நீக்ரோ' கேட்கும். தெற்கின் பிரிவினைக் காலம் பற்றிப் படித்தவர்கள் காமன் என்ற ராப் பாடகர் 2000இல் வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையிலிருந்து தொடங்கலாம். 1956இல் அலபாமாவில், 'நிறத்தவருக்கு மட்டும்' என்ற குடிநீர்க் குழாயடியில் கார்டன் பார்க்ஸ் எடுத்த படம் அது.

பாந்தர்களைப் பற்றிப் படித்தவர் என்றால் ராப் பாடகர் டூபாக் ஷகூரிடம் போங்கள். அவருடைய தாய் அஃபெனி ஷகூர் நியூயார்க்கின் 21 பாந்தர்கள் மீதான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். வயிற்றில் பிள்ளையோடு, வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை. ஜூன் மாதம் மகன் பிறந்தான். இது தெரிந்த பிறகு 'டியர் மாமா' (இங்கே மாமா என்றால் அம்மா) கேட்டுப் பாருங்கள். தெரியாமல் கேட்டபோது எனக்கு அது இன்னொரு அம்மா பாட்டாகத்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்கு ஒரு பெயர் போதும். இரண்டு எடுத்தால் இரண்டும் தங்காது.

2. முதலில் பேச்சு, பிறகு பாட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முந்திய ஆவணம் ஒன்று எப்போதும் எங்காவது இருக்கும். ஒரு பேச்சு, ஒரு வழக்கு, ஒரு புகைப்படம். அதை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்கு வாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

நான் சிக்கிக்கொண்ட பாட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பப்ளிக் எனிமியின் 'பிரிங் த நாய்ஸ்'. தொடக்கத்தில் ஒரு ஆண் குரல், 'ரொம்பக் கறுப்பு, ரொம்ப ஸ்ட்ராங்' என்ற பொருளில் இரண்டு துண்டு வார்த்தைகளைச் சொல்கிறது. பிறகு சத்தம் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ஏதோ வீறாப்பு என்று நினைத்து ஒரு டஜன் முறை கடந்து போயிருப்பேன்.

அந்தக் குரல் மால்கம் எக்ஸ். 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் அவர் ஆற்றிய 'அடித்தட்டு மக்களுக்கான செய்தி' உரையிலிருந்து வெட்டி எடுத்தது. அந்த வருடம் கறுப்பர் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியை அதிகாரத்தில் இருந்தவர்கள் எப்படித் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், காபியை உவமைக்கு எடுக்கிறார். காபி கறுப்பாக, கடுப்பாக இருந்தால் க்ரீம் ஊற்றுகிறோம். ஊற்ற ஊற்ற அதன் சூடும் போகிறது, வேகமும் போகிறது, கடைசியில் காபி என்றே தெரிவதில்லை. (கும்பகோணத்தில் இந்த உவமை எடுபட்டிருக்காது.) இருபத்தைந்து வருடம் கழித்து லாங் ஐலண்டில் வளர்ந்த சில இளைஞர்கள் அதிலிருந்து இரண்டு துண்டை மட்டும் எடுத்து, எங்கள் இசையில் க்ரீம் ஊற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்கள். பாட்டின் சத்தம் ஏன் அவ்வளவு குடைச்சலாக இருக்கிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

செய்முறை இதுதான். உரையின் எழுத்து வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். படிக்க ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒலிப்பதிவும் இருக்கிறது, கொஞ்சமாவது கேளுங்கள். மால்கமின் நிறுத்தங்களும் சிரிப்பை வரவழைக்கும் விதமும் காதில் ஏறவேண்டும். மறுநாள் பாட்டு. அன்றே கேட்காதீர்கள், ஒரு இரவு இடைவெளி நல்லது. ஆல்பம் முழுவதும் ஏறக்குறைய 58 நிமிடம். நடுவில் ஃபோன் எடுக்காமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.

இன்னொன்று, வழக்கு ஆவணத்திலிருந்து போவது. 1991 மார்ச் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடையில், ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ் தகராறில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுச் சிறுமி சுட்டுக் கொல்லப்பட்டாள். சுட்ட கடைக்காரப் பெண்ணுக்குச் சிறைத் தண்டனை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும், சமூக சேவையும், 500 டாலர் அபராதமும்தான். அடுத்த வருடம் அந்த நகரம் எரிந்தது. அந்தக் கலவரத்தைப் பேசுகிற எல்லாரும் போலீஸ் அடித்த ராட்னி கிங்கின் பெயரைச் சொல்வார்கள். லட்டாஷாவின் பெயரை நான் முதலில் கண்டது டூபாக்கிடம்தான். 'கீப் யா ஹெட் அப்' பாட்டின் வீடியோ அவளுக்குச் சமர்ப்பணம். தீர்ப்புச் செய்தியைப் படிக்க இருபது நிமிடம், பாட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

3. வரிகளை வைத்துக்கொண்டு மூன்று முறை

நம் காது இந்த ஆங்கிலத்துக்குப் பழகியதல்ல. ஆங்கில மீடியத்தில் படித்தவர்களும் தடுமாறுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் முறை வரிகள் இல்லாமல் கேளுங்கள். இரண்டாவது முறை வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்தி. மூன்றாவது முறை மறுபடி வரிகள் இல்லாமல். ஏழு நிமிடப் பாட்டான 'தி மெசேஜ்' எனக்கு இப்படி முக்கால் மணி நேரம் எடுத்தது. 1982இல் வந்த பாட்டு. மெதுவான தாளம், தெளிவான உச்சரிப்பு. பயிற்சிக்கு இதைவிட நல்ல பாட்டு கிடையாது.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒரே ஆல்பம் செயலியில் இரண்டு பதிப்பாக இருக்கும். ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில் 'ஈ' என்ற சின்ன ஆங்கில எழுத்துக் கட்டம் இருக்கும். இன்னொன்று கெட்ட வார்த்தைகளை விழுங்கிய சுத்தப் பதிப்பு. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே என்று நான் இரண்டாவதை எடுத்தேன். கெட்ட வார்த்தையோடு சேர்த்து துப்பாக்கி, போதைப்பொருள் சம்பந்தப்பட்ட சொற்களையும் விழுங்கிவிட்டிருந்தார்கள். கதையே போய்விட்டது. முழுப் பதிப்பை எடுங்கள், இயர்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வரிகளுக்குக் கீழே விளக்கம் எழுதும் தளங்கள். அவை பெரும்பாலும் ரசிகர்கள் எழுதுவது. கொச்சைச் சொல்லுக்கு அர்த்தம் பார்க்க நம்பலாம். வரலாற்றுத் தகவலுக்கு நம்பாதீர்கள்.

4. பாட்டைச் சான்றாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

பாட்டுக்காரர்களையும் அதே அளவில்தான் நம்பவேண்டும். கேஆர்எஸ்-ஒன்னின் 'யூ மஸ்ட் லேர்ன்' 1989இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் கறுப்பர்களைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று பாடப்புத்தகத்தையே சாடும் பாட்டு. வரிசையாகப் பெயர்கள் வரும். வரலாறு படித்துவிட்டு வருகிறவனுக்குத் தீனி. பெஞ்சமின் பேனக்கர்தான் பஞ்சாங்கத்தைக் கண்டுபிடித்தார் என்று அதில் கேட்டதை நான் ஒரு கூட்டத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, பஞ்சாங்கம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சே" என்றார்.

பேனக்கர் 1792 முதல் 1797 வரை பஞ்சாங்கங்கள் வெளியிட்டார். தானே கணக்குப் போட்டு வெளியிட்ட கறுப்பர் என்பதுதான் அதன் சிறப்பு. போக்குவரத்து விளக்கு காரெட் மார்கன் கண்டுபிடித்ததாகப் பாட்டு சொல்லும். அவர் 1923இல் காப்புரிமை பெற்றது ஒரு மேம்பட்ட சைகைக் கம்பத்துக்கு, விளக்கு அதற்கு முன்பே இருந்தது. மேடம் சி.ஜே. வாக்கரும் தலைமுடி நீட்டும் சீப்பைக் கண்டுபிடிக்கவில்லை, முடிப் பராமரிப்புப் பொருள்களை விற்றுப் பெரிய ஆளானவர். பாட்டில் கேட்ட பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், சேதியைப் புத்தகத்தில் சரிபாருங்கள். பாட்டுக்காரர் செய்வது பெயரைக் காதில் போடுவது. அந்த வேலையை அவர் மிக நன்றாகவே செய்திருக்கிறார், பேனக்கரை எனக்கு வேறு யார் சொன்னார்கள்?

அவர்களுடைய நாயகர்களை எல்லாம் உங்கள் நாயகர்களாக ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். பப்ளிக் எனிமியில் இருந்த ஒருவர் 1989இல் யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சால் அந்தக் குழுவே ஆட்டம் கண்டது. பெண்களை ஏசும் வரிகள் நிறைய வரும். அதைக் கேட்டு எரிச்சலானால் நிறுத்திவிட்டு, க்வீன் லத்தீஃபாவின் 'யூ.என்.ஐ.டி.ஒய்.' கேளுங்கள். 1993இல் அவரே முகத்துக்கு நேராகக் கேட்ட கேள்வி அது.

5. அந்தச் சொல் உங்கள் வாயில் வரக்கூடாது

எந்தச் சொல் என்று தெரியும்: கறுப்பர்களை இழிவுபடுத்தும், ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்கும் வசைச்சொல். பாட்டில் நூறு முறை வரும். கூடச் சேர்ந்து பாடும்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். நாமும் கறுப்புதானே, நமக்கும் சாதிக் கொடுமை தெரியுமே என்ற வாதம் அங்கே செல்லாது. நான் ஒரு வரியை ரசித்து அலுவலகக் குழுவில் அப்படியே தட்டிவிட்டேன். அட்லாண்டாவில் இருந்த சக ஊழியர் தனியாக அழைத்து, சண்டை போடாமல், இதை அழித்துவிடுங்கள் என்றார். அந்த நிதானம்தான் அதிகம் வலித்தது. 2018இல் அலபாமாவில் மேடைக்கு அழைத்த ஒரு வெள்ளை ரசிகை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பாடியபோது, ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் பாட்டையே நிறுத்தினார். அவரே எழுதிய வரிதான்.

6. தாளம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது தோண்டுங்கள்

வரலாற்று வாசகர்கள் வார்த்தையிலேயே நின்றுவிடுவார்கள். நானும்தான். 'பிரிங் த நாய்ஸ்' பாட்டில் மால்கமின் குரல் எப்படி வெட்டி ஒட்டியதோ அப்படியே அதன் டிரம்மும் வெட்டி ஒட்டியது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970இல் வந்தது. முழு நீளப் பதிவில் ஐந்து நிமிடம் தாண்டியதும் மற்ற கருவிகள் விலக, டிரம்மர் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு தனியாக வாசிப்பார். சில விநாடிகள்தான். உலகத்தில் அதிகமாக எடுத்தாளப்பட்ட தாளங்களில் அது ஒன்று. பாட்டை எழுதியவராக அவர் பெயர் இல்லை, அதனால் அந்தப் பயன்பாடுகளுக்கான உரிமைத்தொகை அவர் கைக்குப் போகவில்லை. கறுப்பர் உழைப்பின் வரலாற்றைப் படித்துவிட்டு வந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தேடிய ஆல்பம் செயலியில் இல்லாமல் போவதற்கும் இப்படி வெட்டி ஒட்டிய துண்டுகள், அதாவது சாம்பிள்கள்தான் பெரும்பாலும் காரணம். டி லா சோல் குழுவின் 1989 முதல் ஆல்பம் 2023 மார்ச் 3 வரை எந்தச் செயலியிலும் கிடையாது. உரிமைச் சிக்கல். அதற்கு முன்பு யாராவது ஏற்றியிருந்த கரகரப்பான நகலைத்தான் கேட்டோம். இப்போதும் சில ஆல்பங்களில் ஒன்றிரண்டு பாட்டு சாம்பல் நிறத்தில், தொட்டால் ஓடாமல் கிடக்கும். உங்கள் ஃபோனில் கோளாறு இல்லை.

7. கூத்துப் பாட்டையும் கேளுங்கள்

'செய்தி சொல்லும்' பாட்டுகளை மட்டுமே பொறுக்கிக் கேட்டது நான் செய்த பெரிய தவறு. துன்பத்தையும் போராட்டத்தையும் தேடிப்போன எனக்கு ஆட்டமும் கேலியும் நேர விரயமாகத் தெரிந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில் நடந்த, ஹிப்-ஹாப் பிறந்த இடம் என்று சொல்லப்படும் அந்தப் பிரபலமான விருந்தின் அழைப்பை ஒருநாள் பார்த்தேன். பள்ளி திறப்பதற்குப் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பல் ஏற்பாடு செய்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க், இசைத்தட்டு போட்டார். அந்த அட்டையில் போராட்டம் என்று ஒரு சொல்கூட இல்லை. அங்கே கூடியவர்கள் ஆடப் போனார்கள், ஆடினார்கள். நான் படித்த புத்தகங்கள் நின்ற இடத்துக்கு அடுத்த பக்கம் அந்த அறையில்தான் இருந்தது.

ஆகவே 1979இல் வந்த, பதினான்கரை நிமிடம் ஓடும் 'ராப்பர்ஸ் டிலைட்' நீளப் பதிப்பைக் குறிப்பேடு இல்லாமல் கேளுங்கள். சமைக்கும்போது கேளுங்கள்.

8. செலவு

முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் செலவு பூஜ்யமாக இருக்கலாம். விளம்பரத்தோடு ஓடும் இலவசச் செயலி போதும். ஒரு எச்சரிக்கை: சில இலவசக் கணக்குகளில் பாட்டுகள் கலைந்து கலைந்து வரும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்க முடியாது. கெண்ட்ரிக் லமாரின் 2015 ஆல்பம் மாதிரி, 79 நிமிடம் ஒரே கதையாகப் போகிறதை அப்படிக் கேட்டால் பாழ். அந்த மாதம் மட்டும் சந்தா கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வினைல் மோகத்தில் விழாதீர்கள். தட்டின் விலையோடு முடியாது. பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று தொடரும்.

காசு போட்டே தீருவேன் என்றால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்க அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியன் 2021இல் வெளியிட்ட ஹிப்-ஹாப் தொகுப்பு. 9 சிடி, 129 பாட்டு, 300 பக்கப் புத்தகம். விலை 150 டாலருக்கு மேல். நான் வரவழைத்தபோது தபால், சுங்கவரி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 22,000 ரூபாய் ஆனது. சிடி பிளேயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கிய பிறகுதான் நான் பார்த்தேன்.

வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கத்தில் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் தயாராக இருக்கட்டும். ஆர்டர் போடும்போது ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். நான் தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டேன், ஆதாரில் அது முன்னால் இருந்தது. பார்சல் பதினோரு நாள் கிடந்தது.

9. நியூயார்க் போக நேர்ந்தால்

இதற்காகவே போகாதீர்கள். விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185 டாலர், விசா மறுத்தாலும் திரும்பாது, நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வேலை நிமித்தமாகப் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

காலையில் ஹார்லெம். 2 அல்லது 3 எண் ரயிலில் 135ஆம் தெருவில் இறங்கினால் எதிரிலேயே கறுப்பர் வரலாற்றுக்கான ஷோம்பர்க் மையம். நகரப் பொது நூலகத்தின் கிளை, அனுமதி இலவசம். மால்கமின் கையெழுத்துத் தாள்களும் நாட்குறிப்புகளும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் போன்ற அரிய சேகரிப்புகளைப் பார்க்க முன்பதிவு தேவை. கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நூலகத் தளத்தில் கணக்குத் தொடங்கி, எந்தப் பெட்டி வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். கையில் பாஸ்போர்ட் வைத்திருங்கள். பதிவு கிடைக்காவிட்டாலும் உள்ளே போய்த் தரையைப் பாருங்கள். வட்டமாகப் பதித்த கோலம் மாதிரி ஒன்று இருக்கும். அதன் அடியில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் சாம்பல் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் 4 எண் ரயிலில் பிராங்க்ஸ். ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 3 டாலர், வங்கி அட்டையையே கதவில் தட்டலாம். இறங்கி மேற்கே, ஆற்றை நோக்கி நடந்தால் செட்ஜ்விக் அவென்யூ. கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்ட அந்த விருந்து நடந்தது இங்கே 1520ஆம் எண் கட்டிடத்தில். தெருப்பலகையில் ஹிப்-ஹாப் புலவார்டு என்றும் எழுதியிருப்பார்கள். அது ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு, டிக்கெட் கவுன்ட்டர் எதுவும் கிடையாது. ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவைத் தட்டாதீர்கள், உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் விரைவுச்சாலை இரைந்துகொண்டே இருக்கும். இயர்ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம் என்று நான் எடுத்துவைத்திருந்த பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை. காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, தினமும் யாராவது இப்படி வந்து நிற்பார்கள் போலிருக்கிறது, தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.